கீழே வைக்கச் சொன்னார்கள்

ஜூன் 7, சனி

இந்த நோட்டை யார் படித்தாலும் முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறும், கீழே இறங்கும். 'ழ' போடும்போது கை நடுங்கி அதன் வால் அடுத்த வரிக்குப் போய்விடும். எழுதப் பழகிப் பதினோரு மாதம்தான் ஆகிறது. வயது எழுபத்திரண்டு. இதுவரை எழுதியதற்கு முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் எழுதிவிட்டேன்! ஆச்சரியக்குறியும் போடத் தெரியும்!

டீச்சரம்மா மரியபுஷ்பம் தினமும் நடப்பதை எழுதச் சொல்லியிருக்கிறார். அவர் மாதா கோயில் கூடத்தில் சனிக்கிழமை மாலையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். என் பெயர் சின்னப்பையன். முதல் நாள் பெயர் கூப்பிட்டபோது கூடமே சிரித்தது. காய்கறிக் கடை ராக்கம்மா, "சின்னப்பையனுக்குப் பல்லு எப்ப மொளைக்கும்?" என்று கேட்டாள். அவளுக்கு இன்னும் 'ண' வராது. எனக்கு வரும்.

ஏற்காட்டில் கர்னல் ஐயா பங்களாவில் நாற்பது வருடமாகக் காவல், தோட்டம், சமையல் எல்லாம் நான்தான். ஐயா தை மாதம் தவறிவிட்டார். மகள் மேனகாம்மா மெல்போர்னில் இருக்கிறார். பங்களாவில் மிஞ்சியது நானும் சுபேதாரும்.

சுபேதார் என்பது ஐயாவின் நாய். பதினான்கு வயது. அதைப் பற்றி எழுதவே அருவருப்பாக இருக்கிறது. இடது காதில் சீழ். வயிற்றில் எலுமிச்சை அளவு கட்டி. அழுகிய மீனையும் நனைந்த சாக்கையும் ஒன்றாகப் போட்டு மூடி வைத்துத் திறந்தது போல ஒரு நாற்றம். இன்று என் செருப்பில் வாந்தி எடுத்தது. இரண்டிலும். எனக்கு எப்போதுமே நாய் பிடிக்காது.

ஜூன் 9, திங்கள்

மூன்று மாதமாக இங்கிலீஷும் படிக்கிறேன். மேனகாம்மாவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. போனில் அவர் அனுப்பும் செய்தியை நானே படிக்க வேண்டும் என்று ஆசை. போன வாரம் அவரிடம் சொன்னேன்: "இனிமே யாரையும் உட்டுச் சொல்லச் சொல்லாதீங்கம்மா, எனக்கே எழுதுங்க, நான் படிச்சிக்குவேன்." அவர் கை தட்டியது இங்கே கேட்டது.

முதல் செய்தி வந்தது. 'லுக் ஆஃப்டர் த ஹவுஸ்.' ஒவ்வொரு வார்த்தையாக அகராதியில் தேடினேன். லுக் என்றால் பார். ஆஃப்டர் என்றால் பிறகு. ஹவுஸ், வீடு. வீட்டைப் பிறகு பார். சரி, இப்போது அவசரம் இல்லை போலிருக்கிறது என்று நான்கு நாள் பின்னால் என் அறையிலேயே இருந்துவிட்டேன், பங்களாவைத் திறக்கவே இல்லை.

இன்று திறந்தேன். சோபாவுக்கு அடியில் எலி செத்து ஊறிக் கிடந்தது. ஐயாவின் புத்தகங்களில் பச்சைப் பூஞ்சணம். எலியைத் துடைப்பத்தால் தள்ளினால் பாதிதான் வந்தது. மீதியைப் பற்றி எழுத மாட்டேன்.

மேனகாம்மா போனில், "பையண்ணா, வீட்டைப் பார்த்துக்கோங்கன்னுதானே எழுதினேன்?" என்றார். சின்ன வயதிலிருந்து என்னைப் பையண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

பார்ப்பதும் பிறகும் சேர்ந்தால் பார்த்துக்கொள்வதாம். என்ன பாஷை இது!

ஜூன் 14, சனி

டீச்சரம்மா இன்று பலகையில் 'புட்' என்று எழுதினார். புட் என்றால் வை. அதன் பின்னால் ஆன் போட்டால் சட்டை போட்டுக்கொள். ஆஃப் போட்டால் தள்ளிப்போடு. அவுட் போட்டால் நெருப்பை அணை.

"இந்தச் சின்ன வார்த்தைங்களுக்குத் தனியா ஒரு அர்த்தம் இருக்கும். ஒட்டிக்கிட்டா வேற அர்த்தம். சேர்த்தேதான் மனசுல ஏத்திக்கணும்" என்றார்.

நான் கேட்டேன்: "அப்ப அகராதில ஒண்ணொண்ணாப் பாக்கறது வீணுங்களா?"

"வீணுதான், சின்னப்பையன்."

"உண்ணி மாதிரிங்களா டீச்சரம்மா?"

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. சுபேதார் மேல் இருக்கும் உண்ணி மிளகு அளவுதான் இருக்கும். ஆனால் ஒட்டிக்கொண்டதும் நாயின் ரத்தத்தையெல்லாம் குடித்து, நாயை வேறு ஏதோ ஆக்கிவிடும். காலையில்தான் பதினேழு உண்ணி பிடுங்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டேன். நசுக்கினால் கறுப்பு ரத்தம் வரும். இன், ஆன், அப், டவுன் எல்லாம் அந்தச் சாதிதான்.

ஜூன் 17, செவ்வாய்

பெரிய செய்தி வந்திருக்கிறது. பங்களாவை வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதியாக மாற்றப் போகிறார்கள். ஜூலையில் மேனகாம்மா வருகிறார். அது வரைக்கும் புரிந்தது! அகராதியைத் தொட்டது இரண்டே தடவை!

கடைசி வரி: 'ப்ளீஸ் ஹேவ் சுபேதார் புட் டவுன். த வெட் இன் சேலம் வில் டூ இட். ஐ ஆம் ஸோ ஸாரி.'

புட் என்றால் வை. டவுன் என்றால் கீழே. சுபேதாரைக் கீழே வை. சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று டீச்சரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. சேர்த்தும் பார்த்தேன். மலையில் இருப்பவனுக்குக் கீழே என்றால் ஓர் ஊர்தான். எங்கே போனாய் என்றால் கீழே போனேன் என்போம். பெண்ணை எங்கே கொடுத்தாய் என்றால் கீழே கொடுத்தேன் என்போம். சேலம் என்று அவரே எழுதியும் இருக்கிறார். விடுதிக்கு வருகிறவர்கள் இந்த நாற்றத்தில் தங்குவார்களா? நியாயம்தான்.

வெட் என்றால் ஈரம். சேலத்தில் ஏது ஈரம்? அதை விட்டுவிட்டேன். ஸாரி எதற்கு என்றும் தெரியவில்லை. என் மகள் பூங்கொடி வீடு மலை அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே கட்டிப்போட வேண்டியதுதான். எனக்கு விடுதலை!

ஜூன் 18, புதன்

சௌசௌ மூட்டை ஏற்றிய வண்டியில் சுபேதாரைக் கொண்டுபோனேன். இருபது கொண்டை ஊசி வளைவு. ஏழாவது வளைவில் அது வாந்தி எடுத்தது. அதன் நாற்றத்தில் ஒன்பதாவதில் நான் எடுத்தேன். டிரைவர் வண்டியை நிறுத்தி, "ரெண்டு பேருல யாரு சார் நாயி?" என்றான்.

பூங்கொடி வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏப்பா, உங்களுக்கு எதாச்சும் அறிவு இருக்குதா? கொடலப் புடுங்குது."

"மேனகாம்மா கீழ வெக்கச் சொல்லியிருக்காங்க."

"கீழன்னா எங்கூட்லயா? சேலத்துல வேற எடமே இல்லையா?"

கொய்யா மரத்தடியில் கட்டினேன். நான் கிளம்பியபோது குரைக்கவில்லை. கயிறு இழுபடும் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றது. வலது கண்ணில் பீளை வழிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

மேலே வந்து மேனகாம்மாவுக்கு, முடித்துவிட்டேன் என்பதற்கு 'டன்' என்று எழுதினேன். உடனே பதில். 'டிட் ஹி கோ பீஸ்ஃபுல்லி?' அமைதியாகப் போனானா? எவ்வளவு அக்கறை! 'யெஸ் அம்மா. வாமிட் ஒன்லி' என்று எழுதினேன். அதன் பிறகு அவரிடமிருந்து அழும் முகமாக ஒன்பது பொம்மைகள் வந்தன.

ஜூன் 19, வியாழன்

பங்களாவில் துளி நாற்றம் இல்லை. காலையில் மறதியாக இரண்டு தட்டில் சோறு போட்டுவிட்டேன். வயதாகிறது.

ஜூன் 21, சனி

வகுப்பு முடிந்ததும் பெருமைக்காகத்தான் டீச்சரம்மாவிடம் போனைக் காட்டினேன். முழுச் செய்தியையும் நானே படித்து, நானே செய்து முடித்தேன் என்று.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார்.

"நாய் எங்க?"

"கீழ இருக்குதுங்க. பூங்கொடி வூட்ல."

"உயிரோடவா?"

"நேத்துகூட அவ தலைகாணிய நாசம் பண்ணியிருக்குது. உயிரோடதாங்க."

பிறகு அவர் சொன்னார். வெட் என்றால் மாட்டு டாக்டராம். புட் டவுன் என்றால், கிழட்டு நாய்க்கு ஊசி போட்டுக் கொன்றுவிடுவது.

நான் நம்பவில்லை. தன் பெரிய அகராதியைத் திறந்து காட்டினார். 'புட்' இரண்டு பக்கத்துக்கு நீளுகிறது. அதற்குள் ஓரிடத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

அகராதியைச் செத்த எலியைப் போலத் தள்ளி வைத்தேன். 'கொல்' என்பதற்கு அவர்களிடம் வார்த்தை இல்லையா? இருக்கிறது. எனக்கே தெரியும், கில். அதை விட்டுவிட்டு, பாத்திரத்தை இறக்கி வைப்பது போல, வை, கீழே. கையில் ரத்தம் படாத வார்த்தை. "இங்கிலீஷ்காரன் வாயக் கழுவணுங்க" என்றேன்.

டீச்சரம்மா என் நோட்டைத் திருப்பி முதல் பக்கத்தைக் காட்டினார். "கர்னல் எப்படிப் போனார்னு எழுதியிருக்கீங்க?"

தவறிவிட்டார்.

"எங்க தவறினாரு? படியிலயா?" என்றார். "தமிழ்ல போடுன்னா வெறும் போடுதான். போட்டுத்தள்ளுன்னா? நாம வால்ல இன்னொரு வினையை ஒட்டுறோம், அவங்க இந்தச் சின்ன வார்த்தையை ஒட்டுறாங்க. எல்லா பாஷையும் சாவைத் துணி போட்டுத்தான் மூடுது, சின்னப்பையன்."

வீட்டுக்கு வந்து 'தவறிவிட்டார்' என்பதை அடித்துவிட்டுச் 'செத்துப்போனார்' என்று எழுதினேன். அதையும் பார்க்க முடியவில்லை. அடித்தேன். இப்போது அந்த இடத்தில் மை திட்டாக இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

மேனகாம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்கிறார் டீச்சரம்மா. சொன்னால் அடுத்த நாளே ஊசி. சொல்லாவிட்டால் நான் பொய்யன்.

நான் பொய் சொல்லவில்லை. வை என்றார், வைத்தேன். கீழே என்றார், கீழேதான். எழுத்து கற்றுப் பதினோரு மாதம் ஆனவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

இதை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். எழுத்து இன்று நேராக வந்திருக்கிறது. விஷயம்தான் கோணலாக இருக்கிறது.

ஜூன் 25, புதன்

கீழே போய் வந்தேன். பூங்கொடிக்கு ஒத்தாசைக்காகத்தான். அவள் அந்தக் காதைத் தொட மாட்டேன் என்கிறாள், அவளைக் குறை சொல்ல முடியாது. காதுக்குள் புழு. வெள்ளையாக, நெளிந்துகொண்டு. எண்ணவில்லை.

போனதுதான் போனோம் என்று சுபேதாரை மாட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மேனகாம்மா எழுதிய அதே டாக்டராக இருக்குமோ என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் சின்ன வயசுப் பெண். மூக்கைச் சுளிக்காமல் இடுக்கியால் புழுவை ஒவ்வொன்றாக எடுத்தார். நான்தான் வெளியே ஓடிப்போய்க் குமட்டினேன்.

வயிற்றுக் கட்டியை அழுத்திப் பார்த்தார். "இது கொழுப்புக் கட்டி தாத்தா, ஒண்ணும் பண்ணாது. காதுதான் வலி. சொட்டு மருந்து காலைல சாயங்காலம் விடணும். வயசாயிடுச்சு, இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். தாங்க முடியாத வலி வந்தா நானே சொல்றேன்."

"சொல்றப்ப தமிழ்ல சொல்லுங்கம்மா" என்றேன். அவர் சிரித்தார்.

சொட்டு மருந்து விடும்போது அது என் முழங்கையை நக்கியது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.

ஜூன் 28, சனி

இன்று 'புட் அப் வித்'. ஒரு வினையோடு ஒட்டிக்கொண்டு இரண்டு உண்ணி! சகித்துக்கொள்வது என்று அர்த்தமாம். ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். ராக்கம்மா தன் புருஷனைச் சகித்துக்கொள்வதாக எழுதினாள். நான் எழுதியது: 'ஐ புட் அப் வித் சுபேதார்ஸ் ஸ்மெல்.'

டீச்சரம்மா ஒரு பிழையும் இல்லை என்று சரி போட்டார். பிறகு தாழ்ந்த குரலில், "சொல்லிட்டீங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"தெரியாம இருந்தப்ப அது தப்பு. தெரிஞ்சப்புறம் பொய். நாலாம் தேதி அந்தப் பொண்ணு வருது."

பிறகு எனக்கு ஒரு வார்த்தையும் ஏறவில்லை.

ஜூலை 3, வியாழன்

பங்களாவைக் கழுவினேன். சுபேதார் படுக்கும் சாக்கை எரிக்க எடுத்து, மறுபடி கொடியிலேயே போட்டேன். நாற்றம் பிடித்த சாக்கு.

ஜூலை 4, வெள்ளி

மேனகாம்மா வந்துவிட்டார். ஐயாவின் மூக்கு அப்படியே அவருக்கு. காரிலிருந்து இறங்கும்போதே கையில் வெள்ளைப் பூக்கள்.

"எங்க பையண்ணா புதைச்சீங்க? ஒரு பூ வைக்கணும்."

"கீழ இருக்குதுங்கம்மா."

அவர் தன் காலடியில் இருந்த மண்ணைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "இங்கயா?"

"இல்லீங்க. சேலத்துல. பூங்கொடி வூட்ல. உசுரோட."

போனை எடுத்து அவர் எழுதியதையே அவருக்குக் காட்டினேன். வை, கீழே என்று விரல் வைத்துச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் நிற்கவில்லை.

"மூணு நாளு தெரியாமத்தாங்க வெச்சிருந்தேன். அப்புறம் பதிமூணு நாளு தெரிஞ்சே வெச்சிருந்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் அங்க ரெண்டு நாள் ஆபீஸ் போகாம அழுதேன் பையண்ணா. தெரியுமா? அது டாடியோட நாய். கொடுமைக்கா சொன்னேன்? வலியில இருக்கு, பாவம்னுதான் சொன்னேன். நீங்களே எத்தனை தடவை போன்ல சொன்னீங்க, நாறுது, அழுகுது, பார்க்க முடியலன்னு?"

அது உண்மை. நான்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அவர் அந்த வரியை எழுதியதற்குக் காரணம் என் வாய்தான். இது எனக்கு அந்த நேரம் வரைக்கும் தோன்றவே இல்லை.

"தமிழ்ல சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"தமிழ்ல என்னன்னு சொல்றது?"

"கொன்னுருங்கன்னு."

"சீ! அப்படி எப்படி எழுதறது?" அவர் முகம் சுளித்தது, புழுவைப் பார்த்த என் முகம் போலவே.

"எழுதக்கூட முடியாததை என் கையில குடுத்தீங்களேம்மா."

அவர் பூக்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் என்னிடம் கொடுத்தார். நான் சமையலறைச் சொம்பில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று காரில் இருவரும் கீழே போனோம். சுபேதார் எழுந்து நின்றது. பீளை கட்டிய கண் சரியாகத் தெரியாது, மூக்கைத் தூக்கி மோந்தது. மேனகாம்மா உட்கார்ந்ததும் தலையை அவர் மடியில் வைத்தது. பிறகு அவர் வெள்ளை ஷூவில் வாந்தி எடுத்தது.

"ஐயோ, என்ன நாத்தம்!" என்றார், அழுதுகொண்டே சிரித்து.

"புட் அப் வித், அம்மா" என்றேன்.

பூங்கொடி, "ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு இதை மேல கூட்டிட்டுப் போங்க, சாமி" என்று இரண்டு கையையும் கூப்பினாள்.

டாக்டரம்மாவிடம் போனோம். மேனகாம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். வலி எவ்வளவு, மருந்து போதுமா, எப்போது போதாது. கடைசியில் என்னிடம், "சரி. அந்த நாள் வந்தா டாக்டர் உங்ககிட்ட சொல்லட்டும், நீங்க எனக்கு போன் பண்ணுங்க. நான் எழுத மாட்டேன். வந்து பக்கத்துல இருக்கேன்" என்றார். விடுதிக்குப் பின்னால் என் அறையில் சுபேதார் இருக்கலாம் என்றும் சொன்னார். நாற்றம் எனக்கு மட்டும்தான்.

டாக்டரம்மா ஒரு சீட்டை நீட்டினார். நாயின் பெயர், வயது, யாருடையது என்று மூன்று கோடு. மேனகாம்மா பேனாவை எடுத்தார், யோசித்தார், என்னிடம் கொடுத்தார். இங்கிலீஷிலேயே எழுதினேன். 'சுபேதார், கேர் ஆஃப் சின்னப்பையன்.' கேர் என்றால் கவலை, அக்கறை. ஆஃப் என்றால் உடைய. இரண்டும் சேர்ந்தால் இன்னார் பொறுப்பில் என்று டீச்சரம்மா தபால் உறையில் காட்டியிருக்கிறார். அகராதியைத் தொடவில்லை! உண்ணியில் ஒன்றிரண்டு நல்ல சாதியும் இருக்கும் போலிருக்கிறது.

நேற்றுச் சாயங்காலமே வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சரம்மா என்னைப் பலகைக்குக் கூப்பிட்டு, அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்று இங்கிலீஷில் எழுதச் சொன்னார். டாக்டரம்மா இன்னொரு தடவை காதைப் பார்த்த பிறகு, வியாழக்கிழமை சுபேதாரை மேலே கொண்டுவர வேண்டும். கொண்டுவா என்றால் ப்ரிங், மேலே என்றால் அப். 'ப்ரிங் அப்' என்று எழுதினேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சேர்த்துப் படித்தால் அது பிள்ளையை வளர்ப்பதாம். இன்னோர் அர்த்தமும் இருக்கிறதாம், வாந்தி எடுப்பது.

சீ, என்ன பாஷையோ! இருபது வளைவில் மூன்றும் நடக்கும். எது முதலில் நடந்தது என்று அடுத்த வாரம் இந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதுகிறேன், சட்டையைத் துவைத்த பிறகு.